சுட்டால் தீருமா பன்றித் தொல்லை?

விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் எந்த மாவட்டத்தில் நடந்தாலும் காட்டுப்பன்றிப் பேச்சு வராமல் முடிவதில்லை. பன்றி கடித்துப் போட்ட மக்காச்சோளக் கதிரையும் வேரோடு புரட்டிய கடலைச் செடியையும் ஆட்சியர் மேசை வரைக்கும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: சுட அனுமதி கொடுங்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு அதற்கு இறங்கி வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். அதன் பிறகு ஊர்ப்புறத்தில் ஒரு நம்பிக்கை வலுத்திருக்கிறது. துப்பாக்கி வந்தால் தொல்லை தீரும், வராததால்தான் தீரவில்லை என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. இதனால் அதிகம் நஷ்டப்படுவது விவசாயிதான் என்பது என் கட்சி.

நஷ்டத்தின் கனத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்து மானாவாரிக் கரிசலை எடுத்துக்கொள்வோம். புரட்டாசியில் விதைத்துவிட்டு மழைக்கு வானம் பார்த்திருக்கும் பூமி அது. வரிசையாக விதைத்த மக்காச்சோளத்தைப் பன்றியும் வரிசை பிடித்தே தின்கிறது. ஓரிடத்தில் மூக்கை நுழைத்து விதையை எடுத்துவிட்டால், அடுத்த விதை எங்கே என்று அதற்குத் தெரிந்துவிடும். உழவுச் சாலை விட்டு விலகாமல், விதை விதையாகக் கிளறியபடி மறு பொழி வரை போய்த் திரும்பும். விடிந்து போய்ப் பார்த்தால், உழுத சாலுக்குள் யாரோ சின்னக் கலப்பையால் இன்னொரு சால் ஓட்டியது போலக் கிடக்கும். திரும்ப விதைக்கலாம் என்றால் விதைப் பை வாங்கக் கையில் காசு இருக்காது. காசு புரட்டி வருவதற்குள் ஈரம் காய்ந்திருக்கும்.

கதிர் பிடித்த பிறகு வந்தால் சேதம் வேறு மாதிரி. தட்டையை நெஞ்சால் நெட்டிச் சாய்க்கும், கதிரை உரித்துப் பாதி கடிக்கும், அதை விட்டு அடுத்ததற்குப் போகும். தின்றது கொஞ்சம், சாய்த்தது ஏராளம். அதனால்தான் தை வரை ராக்காவல் இருக்கிறார்கள். கையில் டார்ச்சும் தகர டப்பாவுமாகக் கட்டிலில் கிடந்துவிட்டுப் பகலில் வேலையும் பார்க்கிற மனிதரிடம் போய், பன்றியும் ஓர் உயிர்தானே என்று பேச எனக்கு மனம் வராது. அவருடைய கோபம் நியாயமானது. அதற்கு மருந்து என்று கையில் கொடுக்கப்படுவதைத்தான் மறுக்கிறேன்.

சுடச் சுடக் குறையும் என்பது முதல் வாதம். யானைக்கு இந்தக் கணக்கு பொருந்தும். ஒரு குட்டி ஈன இருபது மாதத்துக்கு மேல் சுமக்கிற விலங்கு அது. பன்றியின் சினைக்காலமோ ஏறத்தாழ 115 நாள். ஓர் ஈற்றில் நாலைந்து குட்டி சாதாரணம், தீனி நன்றாகக் கிடைத்தால் அதற்கு மேலும் போடும். நல்ல தீனியில் வளர்ந்த பெண் குட்டி ஒரு வயது நிறையும் முன்பே சினைப்பட முடியும். இப்படிப் பெருகும் கூட்டத்தின் எண்ணிக்கையை இறக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் மொத்தத்தில் பாதிக்கும் மேல் எடுத்தாக வேண்டும். ஒருமுறை எடுத்தால் போதாது, ஒவ்வோர் ஆண்டும் எடுக்க வேண்டும். இரவில் இரண்டு வனக்காப்பாளர்கள் வந்து ஒன்றிரண்டைச் சுட்டுவிட்டுப் போனால் அடுத்த ஈற்றிலேயே அது ஈடாகிவிடும்.

ஜெர்மனியைப் பாருங்கள். துப்பாக்கிக்கும் குறைவில்லை, உரிமத்துக்கும் குறைவில்லை, வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கும் நாடு. 2019–20 வேட்டைப் பருவத்தில் மட்டும் அங்கே 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் காட்டுப்பன்றிகளைச் சுட்டார்கள். இத்தனைக்கும் பிறகு பன்றி பெர்லின் நகரத் தெருக்களிலேயே குட்டிகளோடு நடமாடுகிறது. ஐரோப்பா முழுக்க இதே நிலைதான்: சுடப்படும் எண்ணிக்கையும் ஏறியது, பன்றியும் பெருகியது. குளிர் குறைந்ததும், வயலெல்லாம் மக்காச்சோளம் ஆனதும், ஓக் வகை மரங்களின் கொட்டை காட்டில் ஏராளமாக விழுந்த ஆண்டுகளும் துப்பாக்கியை முந்திவிட்டன. கடுமையாக வேட்டையாடப்பட்ட பிரெஞ்சுக் காடு ஒன்றில், பெண் பன்றிகள் இன்னும் இளவயதிலேயே, பருவத்தில் இன்னும் முந்தியே ஈனத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் இதில் ஒரு படி மேலே போய், 2016இல் தன் வனத்துறை நிலங்களில் காட்டுப்பன்றி வேட்டையையே தடை செய்தது. பன்றியின் மேல் இரக்கப்பட்டு அல்ல, பன்றியை ஒழிப்பதற்காகவே. பன்றி குடும்பமாக வாழ்வது; மூத்த பெண் பன்றியும் அதன் மகள்களும் குட்டிகளும் ஒன்றாகத் திரியும், வளர்ந்த கிடாய் தனியே அலையும். ஒன்றைச் சுட்டால் மற்றவை நாலு திசையில் சிதறும். சிதறியது அடுத்த பண்ணையில் புதுக் குடும்பம் தொடங்கும். அதோடு ராத்திரியில் மட்டும் நடமாடவும் மனித வாடை பிடித்து ஒதுங்கவும் கற்றுக்கொள்ளும். ஆகவே அங்கே பட்டி போட்டுப் பிடிக்கிறார்கள். கம்பி வலையால் பெரிய வட்டமாகப் பட்டி அமைத்து, வாசலைத் திறந்தே வைத்து, உள்ளே ஊறவைத்த மக்காச்சோளத்தைப் பல நாள் கொட்டுகிறார்கள். முதல் நாள் ஒன்று வரும், சந்தேகத்தோடு தின்றுவிட்டுப் போகும். குடும்பத்தில் கடைசிக் குட்டி வரை உள்ளே வந்து பழகிய பிறகுதான் வாசலை மூடுகிறார்கள். அவசரப்பட்டுப் பாதிக் கூட்டத்தோடு மூடினால் மீதிக் கூட்டம் வாழ்நாளில் பட்டிப் பக்கம் வராது. எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டிய ஊரில் செய்யத்தக்கது இதுதான். தோட்டாவைவிட மெதுவான வேலை, பொறுமை வேண்டிய வேலை. நம் அரசாணைப் பேச்சில் சுடுவதற்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

சட்டம்தான் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது அடுத்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 11ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உட்பட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்ட காட்டுப்பன்றி போன்ற விலங்கைக் கொல்ல மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதிக்கலாம் என்கிறது அது. 62ஆவது பிரிவு இன்னும் தாராளம்: ஒரு விலங்கை, ஒரு பகுதியில், ஒரு காலத்துக்குத் தீங்குயிரி என்று ஒன்றிய அரசு அறிவித்துவிட்டால் யாரும் கொல்லலாம். 2015 டிசம்பரில் பீகாரின் சில மாவட்டங்களுக்கு நீல்காய், காட்டுப்பன்றி இரண்டுக்கும், 2016இல் உத்தராகண்டில் காட்டுப்பன்றிக்கும் அப்படி அறிவித்தார்கள். பீகாரின் மொகாமாவில் வெளியூர்த் துப்பாக்கிக்காரர்கள் 200க்கு மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டார்கள். ஒன்றிய அமைச்சர்கள் இருவர் அதை வைத்து வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். அதனால் பயிர்ச்சேதம் என்ற சொல் அந்த மாநிலங்களின் செய்தித்தாள்களிலிருந்து மறைந்துவிடவில்லை.

நமக்குப் பக்கத்தில் இருப்பது கேரளம். 2022 மே மாதம், காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே அந்த அரசு கொடுத்தது. இதைவிடக் கீழே அதிகாரத்தை இறக்க முடியாது. உத்தரவு போட்டாயிற்று, சுட ஆளில்லை என்று பல ஊராட்சிகள் திண்டாடின. உரிமம் உள்ள துப்பாக்கி எத்தனை ஊரில் இருக்கும்? சுட்ட இடங்களிலும் தொல்லை அடங்கவில்லை. மூன்றாண்டு கழித்து, 2025 அக்டோபரில், வனவிலங்குச் சட்டத்தையே மாநில அளவில் திருத்தும் மசோதாவைக் கேரள சட்டமன்றம் நிறைவேற்றியது. அதிகாரம்தான் குறை என்றால், அதிகாரம் கிடைத்த ஊரில் ஏன் இன்னும் அதே அழுகை என்பதற்கு, இந்த வாதம் பேசுவோர் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாதத்தை இரு தரப்பும் சேர்ந்தே சொல்கின்றன. காட்டிலிருந்து இறங்கி வருகிறது, காட்டுக்கே விரட்டுங்கள் என்கிறார் விவசாயி. காட்டை அழித்தோம், அதனால் வருகிறது என்கிறார் இயற்கை ஆர்வலர். கூடலூரிலோ வால்பாறையிலோ நின்று பேசினால் இரண்டிலும் உண்மை உண்டு. விளாத்திகுளத்தில் நின்று பேசினால்? மேற்குத் தொடர்ச்சி மலை எங்கே, அந்தக் கரிசல் எங்கே! அங்கே பன்றி எந்த மலையிலிருந்தும் இறங்கி வரவில்லை. அது அங்கேயே குடியிருக்கிறது. கண்மாய் உள்வாயிலும் ஓடைக் கரையிலும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேல்தான் அதன் வீடு. விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களிலும் இதுதான் நிலை.

பன்றிக்கு வியர்த்து உடல் தணியும் வழி இல்லை. வெயில் ஏறினால் நிழல் வேண்டும், சேற்றில் புரள வேண்டும். முள் அடர்ந்த கருவேலுக்குள் ஆள் நுழைய முடியாது, நாய் நுழையத் தயங்கும், வெயில் இறங்காது. கண்மாய்ப் பள்ளத்தில் சேறு இருக்கும். கருவேல நெற்று இனிப்பானது, அதுவும் தீனி. கரையைத் தாண்டினால் நூற்றுக்கணக்கான ஏக்கரில் மக்காச்சோளம். முன்பு கம்பும் சோளமும் பருத்தியும் கலந்து கிடந்த பூமியில், கோழித்தீவனத்துக்குக் கிராக்கி ஏறியதும் மக்காச்சோளம் பரவியது. அந்த மாவுச்சத்துதான் நான் முன்னே சொன்ன சீக்கிரச் சினைக்கும் பெரிய ஈற்றுக்கும் காரணம். வீடு கொடுத்து, தீனியும் கொடுத்துவிட்டு, வருகிறதில் ஒன்றிரண்டைச் சுடுவதால் என்ன ஆகிவிடும்?

இதே காரணத்தால் 1, 3 கி.மீ. கணக்கும் இந்தச் சீமையில் அர்த்தமில்லாமல் போகிறது. ஏறக்குறைய எல்லா ஊரும் 3 கி.மீ.க்கு அப்பால்தான், காகிதத்தில் சுடலாம். ஆனால் பகலில் பன்றி முள்ளுக்குள், இரவில் ஆள் காவல் இருக்கும் புஞ்சைக்குள். பத்தடி தள்ளி அடுத்த புஞ்சைக்காரர் படுத்திருக்கும்போது இருட்டில் யார் எதைக் குறிபார்ப்பது?

கருவேலை அடியோடு ஒழித்துவிடு என்று சொல்வது எளிது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பல மாவட்டங்களில் அதை அகற்றச் சொன்னது நினைவிருக்கும். வெட்டிவிட்டால் தூரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கும், வேரோடு பிடுங்க வேண்டும். இன்னொரு பக்கம், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு மழை பொய்த்த ஆண்டில் சோறு போடுவது அந்த மரம்தான். ஆகவே நான் முழுக்க அழிக்கச் சொல்லவில்லை. புஞ்சையை ஒட்டிய பட்டையையும் ஓடை வாய்களையும் கண்மாய்க் கரையின் விளைநிலப் பக்கத்தையும் வேரோடு சுத்தம் செய்யட்டும். ஒளிவிடத்துக்கும் பயிருக்கும் நடுவே வெட்டவெளி விழுந்தால் பன்றி கடக்கத் தயங்கும், காவல் இருப்பவர் கண்ணுக்கும் படும். ஊராட்சியும் நீர்வளத்துறையும் சேர்ந்து கோடையில் செய்யக்கூடிய வேலை. இதற்கு வனத்துறையின் அனுமதியும் வேண்டாம், தோட்டாவும் வேண்டாம்.

கறிக்கு அனுமதித்தால் கணக்குத் தானாகக் குறையும் என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கறிக்கு விலை வந்துவிட்டால் பன்றி தீர்ந்துபோவதை விரும்பாத ஒரு கூட்டம் உருவாகும். அமெரிக்காவில் பன்றி பல மாநிலங்களுக்குத் தானாக நடந்து பரவவில்லை. வேட்டைக்கு வேண்டுமென்று மனிதர்களே லாரியில் ஏற்றிப் போய்ப் புது இடங்களில் விட்டார்கள். நோயும் இருக்கிறது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. மனிதருக்கு அது தொற்றாது, வளர்ப்புப் பன்றிப் பட்டிகளை வழித்துத் துடைத்துவிடும். வெட்டிய கறி ஊர் ஊராகப் பயணம் போனால் கூடவே அதுவும் போகும். பிடித்த பன்றியைக் காட்டுக்குள் கொண்டுபோய் விடுவது என்ற 1 முதல் 3 கி.மீ. வரையிலான ஏற்பாட்டிலும் எனக்கு இதே அச்சம்தான். இரத்தப் பரிசோதனை இல்லாமல் விட்டால், புலிக்கும் செந்நாய்க்கும் இரையாக வேண்டிய மந்தைக்குள் நாமே நோயை ஏற்றி அனுப்பியதாகும்.

அடுத்து வருவது எனக்கு அதிகம் கசக்கும் வாதம். அரசு சுட விடாததால்தான் மின்கம்பியும், தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காயும் வைக்கிறோம், வேறு வழியில்லை என்கிறார்கள். தினை தின்ன வரும் பன்றிக்கென்று புனத்துக்காரர் வைத்த கல்பொறியில் புலி மாட்டிக்கொள்வது நற்றிணையில் வரும் காட்சி. குறி ஒன்று, பலி வேறு. இரண்டாயிரம் ஆண்டில் அது மாறவில்லை, கருவி மட்டும் கொடியதாகிவிட்டது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடி கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஆற்றுக்குள் நின்றபடியே செத்தது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்கென்று போட்ட திருட்டு மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. 2025 ஜூனில் நிலம்பூர்ப் பக்கம் மீன் பிடிக்கப் போன பள்ளிச் சிறுவன் இதேபோன்ற கம்பியில் சிக்கி இறந்தான். நம் ஊர்களில் அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போய்ப் பக்கத்து நிலத்துக் கம்பியில் கருகிய விவசாயிகள் எத்தனை பேர்! கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்த மின்சாரம் விடாமல் பாய்வது. தொட்ட தசை இறுகிக்கொள்ளும், கையை எடுக்க முடியாது.

வேறு வழி இருக்கிறது. சூரிய மின்வேலியின் பெட்டி விநாடிக்கு ஒருமுறை போல, கண் சிமிட்டுவதற்கும் குறைந்த நேரம் துடிப்பை அனுப்புகிறது. சுரீர் என்று அடிக்கும், உயிரை எடுக்காது. இரண்டு துடிப்புக்கு நடுவே உடல் விலகிக்கொள்ள நேரம் இருக்கும். இத்தகைய வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த 2023இல் தமிழகத்தில் விதிகளும் வந்துவிட்டன. பன்றிக்கு வேலி போடுவதில் பக்குவம் உண்டு. யானைக்குப் போடும் உயரத்தில் போட்டால் அது அடியில் புகுந்து போய்விடும். முதல் கம்பி தரையிலிருந்து ஒரு சாண், அடுத்தது முழங்கால் உயரம். மூக்கு நுனியில் பட வேண்டும், அங்கேதான் அதற்குக் கூச்சம் அதிகம். முதுகு மயிரில் பட்டால் உறைக்காது. கம்பியில் புல் உரசினால் துடிப்பு மண்ணுக்கு இறங்கிவிடும், ஆகவே வேலிக்கு அடியில் களை எடுத்தபடியே இருக்க வேண்டும். மானியத்தில் வாங்கிப் போட்ட வேலி பல இடங்களில் பயனில்லாமல் போவது இந்தக் களையால்தான்.

வேலி தனி ஆள் காரியமும் அல்ல. மூன்று ஏக்கர்காரர் தன் நிலத்தைச் சுற்றி மட்டும் போட்டால் பன்றி அடுத்த புஞ்சைக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஒரு வட்டம் முழுக்க ஒரே வேலியாகச் சுற்றினால் கம்பியும் ஏக்கருக்குக் குறைவாகவே ஆகும், பார்த்துக்கொள்ளவும் பத்துப் பேர் இருப்பார்கள். மானியம் இன்று தனி விண்ணப்பத்துக்கு என்று இருப்பதை ஊர்க் கூட்டு விண்ணப்பத்துக்கு என்று மாற்ற வேண்டும். வேலி போட முடியாத இடத்தில் மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு நாலு வரிசை, நிலக்கடலையைச் சுற்றி முள் உள்ள குசும்பா என்று ஓரப்பயிர் போடச் சொல்கிறார்கள் வேளாண் விஞ்ஞானிகள். பழைய சேலை கட்டுவதும் சலூன் முடி தூவுவதும் சில நாள் பலிக்கும், பிறகு பன்றி பழகிவிடும். மாற்றி மாற்றிச் செய்தால் ஒரு பருவத்தை ஓட்டலாம்.

கடைசியாக, இழப்பீடு கொடுக்கிறோமே, இன்னும் என்ன என்று அலுவலகங்களில் கேட்கப்படுவது. இதை மறுக்காமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் விவசாயிக்கு உபதேசம் மட்டுமாகிவிடும். பன்றி புகுந்த மறுநாள் கிராம நிர்வாக அலுவலர், வேளாண் உதவி அலுவலர், வனவர் என்று மூன்று பேர் வந்து பார்த்தாக வேண்டும். மூவரும் வந்து சேர்வதற்குள் சாய்ந்த தட்டை மாட்டுக்குத் தீவனமாகியிருக்கும். பயிர்க் காப்பீட்டில் வனவிலங்குச் சேதத்தைச் சேர்க்க ஒன்றிய அரசு 2025 நவம்பரில் முடிவெடுத்தது. 2026 காரிஃப் பருவத்திலிருந்து நடைமுறை. நல்ல முடிவு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு ஏற்ற வேண்டும் என்கிறது. சிக்னல் இல்லாத புஞ்சையில் எழுபது வயதுக்காரர் இதை எப்படிச் செய்வார்? ஊருக்கு ஒருவரை இதற்கென்று பொறுப்பாக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை குத்தகையில் இருக்கிறது. இழப்பீடும் காப்பீடும் வேலி மானியமும் அடங்கலையும் பட்டாவையும் பார்த்தே வருகின்றன. மானாவாரி நிலத்தைப் பாதி ஊர்களில் உழுவது வாரத்துக்கும் வாய்வார்த்தைக் குத்தகைக்கும் எடுத்தவர்கள். பட்டாதாரர் சென்னையிலோ திருப்பூரிலோ இருப்பார். ராத்திரி தகரம் தட்டுவது ஒருவர், பணம் வந்தால் வாங்குவது இன்னொருவர். குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்வதற்கென்று 1969ஆம் ஆண்டுச் சட்டமே நம்மிடம் இருக்கிறது. நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் உடையவர்கள் அதற்கு இசைவதில்லை. உரிமைப் பதிவு வேறு, ஒரு பருவத்துக்குப் பயிர் செய்தவர் யார் என்ற பதிவு வேறு என்று பிரித்து, அடங்கலில் சாகுபடியாளர் பெயரை ஏற்றும் உத்தரவை வருவாய்த் துறை போடலாம். சுடுவதற்கு அரசாணை போட்ட அரசால் இதற்கும் ஒன்று போட முடியும். அடுத்த புரட்டாசி விதைப்புக்கு முன்னால் குறைதீர்க்கும் கூட்டங்களில் கேட்க வேண்டியது இந்த ஆணையை.